இறங்கிய தோளும் இறுகிய தோளும்

தொழுகையில் தக்பீர் கட்டும்போது இரு கைகளையும் காது மட்டத்துக்கு உயர்த்துகிறோம். ஐம்பதைத் தாண்டிய ஒருவருடைய தோளின் நலத்தை நாள்தோறும் ஐந்து வேளை சோதித்தறிய இதனினும் எளிய வழி இல்லை. மூன்றாண்டுகளுக்கு முன் ஒரு சுப்ஹு வேளையில் என் இடக்கை மார்பு மட்டத்தோடு நின்றுவிட்டது. இயலாதவர்க்கு மார்க்கம் தரும் சலுகைகளை மாணவர்க்கு ஓதிக்கொடுத்து வந்தவனுக்கே அச்சலுகை தேவைப்பட்டது.

செங்கற்பட்டில் 1965-ஆம் ஆண்டிலேயே மருத்துவக் கல்லூரி ஏற்பட்டுவிட்டது. இருந்தும் நான் முதலில் நாடியது கடற்கரைப் பக்கத்து எலும்பு வைத்தியர் ஒருவரை. "ஹஜ்ரத், தோள் இறங்கியிருக்கிறது. ஓர் இழுப்பில் ஏறிவிடும்" என்று கையைப் பற்றி இழுத்தார். ஏறவில்லை. அன்றிரவு உறக்கமும் இல்லை. அதன்பின் மார்பு வரை வந்த கையும் இடுப்போடு நின்றது. என் தோள் இறங்கவேயில்லை, இறுகியிருந்தது. இவ்விரண்டையும் முன்னோர் எவ்வாறு பிரித்தறிந்தனர் என்று நூல்களில் தேடத் தொடங்கியது அப்போதுதான்.

தோள் மூட்டின் அமைப்பே விந்தையானது. ஆழமற்ற சிறு தட்டில் எலுமிச்சம்பழத்தை வைத்ததுபோல, மேற்கை எலும்பின் பெரிய தலை ஒரு சிறு குழியில் பொருந்தியிருக்கிறது. எத்திசையிலும் கை சுழல்வது அதனாலேயே. எளிதில் நழுவுவதும் அதனாலேயே. கோவளத்திலும் சதுரங்கப்பட்டினத்திலும் அலையைத் தாண்டிப் படகைத் தள்ளும் மீனவர்க்கு இவ்விபத்து புதிதன்று. நழுவினால் தோளின் உருண்டை வடிவம் குலையும்; அக்கையால் எதிர்த் தோளைத் தொட முடியாது.

இதற்கான வைத்தியம் மிகப் பழையது. அக்குளில் குதிகாலை ஊன்றிக் கையை இழுக்கும் முறை கிரேக்கரான இப்போகிராத்தின் பெயரால் வழங்குகிறது. அந்தலூசியாவில் குர்துபா நகரை அடுத்த மதீனத்துஸ் ஸஹ்ராவைச் சேர்ந்த அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவீ அவர்கள் (மறைவு ஹிஜ்ரி 404, கி.பி. 1013) 'கிதாபுத் தஸ்ரீஃப்' என்னும் முப்பது பகுதிகள் கொண்ட நூலை இயற்றினார்கள். சூடிடுதல், அறுவை, எலும்பு கட்டுதல் என மூன்றாய்ப் பிரிந்த அதன் இறுதிப் பகுதியில் தோள் நழுவலுக்குத் தனி இடம் உண்டு. 12-ஆம் நூற்றாண்டில் கிரிமோனா ஊர் ஜெரார்டு அதனை லத்தீனில் பெயர்க்க, ஐரோப்பிய மருத்துவர் நூற்றாண்டுகள் பயின்றனர். 1870-இல் சுவிட்சர்லாந்தின் கோக்கர் கையைத் திருப்பி ஏற்றும் ஒரு முறையை வெளியிட்டார்.

ஆனால் இறுகிய தோளுக்கு இழுப்பு மருந்தன்று. இந்நாட்டுப் பழைய வைத்தியர் இதனை அறிந்தேயிருந்தனர். தோளைப் பிணைக்கும் கட்டுகள் வாதத்தால் வற்றிக் கை முடங்குவதைச் சுசுருதர் 'அவபாகுகம்' என்றார். யூகி முனிவர் பெயரால் வழங்கும் வைத்திய சிந்தாமணி வாத நோய்களை எண்பதாக வகுக்கிறது. அவற்றுள் கும்பவாதத்தை இக்காலச் சித்த மருத்துவர் இந்நோயோடு ஒப்பிடுவர். வாத நோயை எலும்பு நழுவலாக எண்ணி இழுக்கும்படி எந்த ஏட்டில் எழுதியிருக்கிறதோ, நான் கண்டதில்லை!

மேலை நாட்டில் பிரெஞ்சு மருத்துவர் டூப்ளே 1872-இல் மூட்டைச் சூழ்ந்த மென்பகுதிகளின் அழற்சி என இதனை விவரித்தார். பாஸ்டன் நகரத்துக் காட்மன் 1934-இல் தோளைப் பற்றியே ஒரு பெருநூல் எழுதி, 'உறைந்த தோள்' என்று பெயரிட்டார். மூட்டைப் போர்த்திய உறை தடித்துச் சுருங்குவதே நோய் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடைப்பட்டோர்க்கு, அவருள்ளும் பெண்டிர்க்கும் நீரிழிவு உள்ளவர்க்கும் இது மிகுதி. முதலில் வலி, பிறகு இறுக்கம், பிறகு மெல்ல இளகுதல். ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை ஆகலாம்.

மாமல்லபுரத்துச் சிற்பிகளின் நோவு மற்றொரு வகை. நாள் முழுதும் சுத்தியல் ஓங்குவதால் தோளைச் சுற்றிய தசைநார்கள் தேய்கின்றன. அவர்கள் கையைப் பிறர் தூக்கினால் பெரும்பாலும் உயரும். இறுகிய தோளோ பிறர் தூக்கினும் உயராது. வீட்டிலேயே செய்து பார்க்கத்தக்க சோதனை இது. இடத்தோள் நோவோடு மார்பில் இறுக்கமும் வியர்வையும் கண்டால் மட்டும் சோதனையில் காலம் போக்கலாகாது. அது இதய நோயாக இருக்கக்கூடும். உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இறுதியில் எனக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள், எலும்பில் குறையில்லை. இரத்தத்தில்தான் சர்க்கரை மிகுந்திருந்தது. மூட்டில் ஓர் ஊசி, வெந்நீர் ஒத்தடம், பிறகு காட்மன் கற்பித்த பயிற்சி: முன்னே குனிந்து, கையைத் தொங்கவிட்டு, கடிகார ஊசற்குண்டுபோல் அசைத்தல். மதறஸாத் திண்ணையில் நான் அவ்வாறு நிற்பதைக் கண்டு சிறுவர் சிரித்ததுண்டு. பதினாறாம் மாதம் ஓர் அஸர் வேளையில் இடக்கைப் பெருவிரல் காதுமடலைத் தொட்டது. முதுகுப்புறம் மட்டும் அக்கை இன்னும் முழுமையாகச் செல்வதில்லை.