பர்மிங்காமின் மரையும் குர்லாவின் ஸ்பானரும்: மலிவு விலைச் சீன மிதிவண்டிக்கு ஒரு முன்வரலாறு

மும்பையில் குர்லாவையும் கலினாவையும் இணைக்கும் சி.எஸ்.டி. சாலை, பழைய மோட்டார் உதிரிபாகங்களுக்குப் பெயர்பெற்றது. அந்த மூன்றெழுத்தைப் பலரும் நகரின் பெரிய ரயில் முனையத்தோடு தொடர்புபடுத்துவதுண்டு. உண்மையில் அது ‘சென்ட்ரல் சால்செட் டிராம்வே’ என்பதன் சுருக்கம். 1928இல் டிராம்பேயிலிருந்து குர்லா வழியாக அந்தேரிக்கு ஓடத் தொடங்கி, 1934இல் நின்றுபோன ரயில் தடம் அது. தண்டவாளம் அகன்ற பின்னும் பெயர் நிலைத்துவிட்டது. ஒரு பொருள் மறைந்த பின்னும் அதன் பெயரும் அளவும் நீடிப்பதற்கு இன்னொரு சான்று, இதே வட்டாரத்துச் சந்துகளில் உள்ள மிதிவண்டிக் கடைகளில் நாள்தோறும் கைமாறுகிறது. அது ஒரு திருகாணி மரையின் அளவு.

சீனாவில் செய்யப்பட்ட சட்டகத்தையும் உதிரிபாகங்களையும் வாங்கி, குறைந்த செலவில் மிதிவண்டி கட்டும் பழக்கம் இந்திய நகரங்களில் பரவி வருகிறது. இதைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் இரு நிலைகளில் நின்றுவிடுகிறது. மலிவானது தரமற்றது என்பது ஒன்று. அயல்நாட்டுப் பொருள் உள்நாட்டுத் தொழிலை அழிக்கும் என்பது மற்றொன்று. மிதிவண்டியின் வரலாற்றை நோக்கும்போது இவ்விரண்டையும் விட அடிப்படையான கேள்வி ஒன்று தெரிகிறது: அந்த வண்டி எந்த அளவுமுறையைப் பின்பற்றுகிறது, அது பழுதானால் யாருடைய கை அதைத் திறக்க முடியும்?

இந்தியாவின் கறுப்பு நிறக் கனத்த மிதிவண்டி பிறப்பால் ஆங்கிலேய வண்டி. பர்மிங்காம் நகரத் துப்பாக்கிக் கொல்லர்கள் 1861இல் தொடங்கிய பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ் நிறுவனம், 1880களில் மிதிவண்டித் தொழிலுக்குள் நுழைந்தது. துப்பாக்கித் தொழிலின் அடிப்படை, ஒரு துப்பாக்கியின் உறுப்பு மற்றொன்றிலும் துல்லியமாகப் பொருந்த வேண்டும் என்பது. அந்த ஒழுங்கு மிதிவண்டிக்கும் வந்தது. பெடல் அச்சு சுழலும் குழலின் மரை 1.37 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 24 திரிகள் என நிலைபெற்றது. இன்றும் உலகெங்கும் அதற்குப் ‘பி.எஸ்.ஏ. மரை’ என்றே பெயர். வலப்பக்கக் கிண்ணம் இடஞ்சுழி மரை கொண்டது. பெடலோ இடப்பக்கத்தில் இடஞ்சுழி மரை கொண்டது. சுழலும் சுமை திருகாணியைத் தானாகவே தளர்த்திவிடாதிருக்கச் செய்த ஏற்பாடு இது.

இந்த அளவுகள் இந்தியாவுக்குள் முதலில் இறக்குமதிப் பொருளாகவும், பின்னர் ஆலைகளாகவும் வந்தன. இரண்டாம் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் மும்பையின் வொர்லியில் ஹிந்த் சைக்கிள்ஸ் இயங்கிவந்தது. 1949இல் முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் சேர்ந்து நிறுவிய டி.ஐ. சைக்கிள்ஸ், சென்னைக்கு அருகே அம்பத்தூரில் ஹெர்குலிஸ் வண்டிகளைத் தயாரித்தது. பி.எஸ்.ஏ. என்ற பர்மிங்காம் பெயரும் பின்னர் அங்கேயே வண்டியில் ஏறியது. தமிழர் பலருக்கு அம்மூன்றெழுத்து ஒரு துப்பாக்கி ஆலையின் பெயர் என்பதே தெரியாது, ‘பி.எஸ்.ஏ. எஸ்.எல்.ஆர்.’ என்பது பள்ளிப் பருவத்து வண்டியின் பெயர். வங்காளத்தின் ஆசன்சோலில் நாட்டிங்காமின் ராலே நிறுவனக் கூட்டுறவில் சென்–ராலே ஆலை எழுந்தது. இன்று பாகிஸ்தானில் உள்ள கமாலியாவிலிருந்து வந்த முஞ்ஜால் சகோதரர்கள், உதிரிபாக வணிகத்தில் தொடங்கி 1956இல் லூதியானாவில் ஹீரோ சைக்கிள்ஸை முழு வண்டி செய்யும் நிறுவனமாக வளர்த்தனர்.

இவற்றுள் லூதியானாவின் வழியே மும்பைச் சந்துகளுக்கு மிக முக்கியமானது. அங்கே ஒரே ஆலை வண்டி முழுவதையும் செய்யவில்லை. ஒரு பட்டறை செயின் சக்கரத்தையும், இன்னொன்று கம்பியையும், மற்றொன்று முன்கவையையும் செய்தன. எல்லாம் ஒன்றோடொன்று பொருந்த வேண்டுமெனில் அளவு பொதுவாக இருந்தாக வேண்டும். இந்திய நியமங்கள் நிறுவனம் மிதிவண்டி உறுப்புகளுக்குத் தனித்தனித் தர ஆவணங்களை வெளியிட்டது. முன்சக்கரத்துக்கு 32 கம்பி, பின்சக்கரத்துக்கு 40 கம்பி, 28 அங்குலத்துக்கு 1½ அங்குல டயர் என்னும் அளவுகள் காஷ்மீரிலிருந்து குமரி வரை ஒன்றாயின. அதனால்தான் எந்த ஊர் வண்டியையும் எந்த ஊர்க் கடைக்காரரும் திறக்க முடிந்தது. வொர்லி ஆலையையும் ஆசன்சோல் ஆலையையும் 1980இல் ஒரே சட்டத்தின்வழி மைய அரசு நாட்டுடைமையாக்கியது. பின்னாளில் இரண்டும் மூடப்பட்டன. ஆலைகள் மூடிய பின்னும் அவற்றின் வண்டிகளுக்கு உறுப்பு கிடைத்துக்கொண்டிருந்தது. ஏனெனில் அந்த அளவு எந்த ஓர் ஆலைக்கும் உரிமையானதன்று.

இந்தப் பொது அளவைச் சார்ந்து வாழ்ந்தவர்களுள் மும்பைத் தமிழர் குறிப்பிடத்தக்கவர். விடியலுக்கு முன் தாராவியில் வேகும் இட்லி, மிதிவண்டியின் பின்னால் கட்டிய பாத்திரத்தில் ஏறி, ரப்பர் ஹாரனின் ஒலியோடு நகரத்தின் தெருக்களுக்குச் செல்கிறது. அன்று காலை வண்டி நின்றுவிட்டால், அன்று அரைத்த மாவும் அவித்த இட்லியும் வீண். அந்த வணிகருக்கு மிதிவண்டியின் விலை என்பது வாங்கும் நாளில் கொடுக்கும் தொகை மட்டுமன்று. பழுதான நாளில் எத்தனை நிமிடத்தில் மீண்டும் ஓடும் என்பதும் அதில் அடங்கும்.

இத்தொழிலுக்கென ஒரு சொல்வளம் உருவாயிற்று. ஆங்கிலச் சொற்கள் தமிழ்ப் பட்டறையின் வாயில் உருமாறின. குண்டுகள் ஓடும் தடத்தைக் குறித்த ‘பால் ரேஸ்’, குண்டையே குறிக்கும் ‘பால்ரஸ்’ ஆயிற்று. முழுவண்டியையும் கழற்றிப் பூட்டும் ‘ஓவர்ஹால்’, எண்ணெய் இடும் வேலையோடு இணைத்து விளங்கிக்கொள்ளப்பட்டு ‘ஓவராயில்’ ஆயிற்று. மொழியியலார் நாட்டார் சொற்பிறப்பு என வழங்கும் நிகழ்வுக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு அரிது. சக்கரத்தின் நெளிவைக் கம்பிகளை முறுக்கிச் சீராக்கும் வேலைக்கோ பழந்தமிழ்ச் சொல்லே கைகொடுத்தது: ‘கோட்டம் எடுத்தல்’. திருக்குறளின் நடுவு நிலைமை அதிகாரத்தில் நேர்மையின் பிறழ்வைக் குறிக்கும் அதே கோட்டம்தான் இது. மும்பையில் இவற்றோடு இந்திச் சொற்களும் கலந்தன. முன்கவை ‘சிம்ட்டா’, அதாவது இடுக்கி. பால்ரஸ் ‘ச்சர்ரா’, அதாவது ஈயக்குண்டு. ஃப்ரீவீலின் உள்ளே பல்லைக் கவ்வும் சிறு நாக்கு ‘குத்தா’, அதாவது நாய். அது கவ்வாவிட்டால் பெடல் வெறுமனே சுற்றும். ஓர் உறுப்புக்கு இத்தகைய பெயர் அமைகிறது என்றால், அது அடிக்கடி திறந்து பார்க்கப்படுகிறது, அதன் செயல் கண்ணால் அறியப்படுகிறது என்று பொருள்.

சீன மிதிவண்டியின் கதையும் இதே ஊற்றிலிருந்துதான் தொடங்குகிறது. 1950இல் தியன்ஜினில் வெளிவந்த ‘ஃப்ளையிங் பிஜியன்’ வண்டி, ஆங்கிலேய ராலே வண்டியின் வார்ப்பில் அமைந்த கறுப்பு நிறக் கனத்த வண்டியே. அம்பத்தூர் ஹெர்குலிஸும் தியன்ஜின் புறாவும் ஒருவகையில் பங்காளிகள். பிரிவு பின்னர்தான் நேர்ந்தது. இந்தியா இறக்குமதிக் கட்டுப்பாட்டின் நிழலில் அதே வண்டியைப் பல்லாண்டுகள் செய்தது. சீனா 1980கள் முதல் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் பல்லிணை வண்டிகளைச் செய்து அனுப்பத் தொடங்கியது; அமெரிக்காவின் ஷ்வின் நிறுவனம் ஷென்ஷென் ஆலையில் பங்கு கொண்டது. தைவானின் ஜெயன்ட் நிறுவனம் 1990களின் தொடக்கத்தில் குன்ஷானில் ஆலை அமைத்தது. 1993இல் ஐரோப்பியச் சமூகம் சீன மிதிவண்டிகளுக்கு 30.6 விழுக்காடு குவிப்புத் தடுப்பு வரி விதித்தது என்பதே அவ்வளர்ச்சியின் வேகத்தைக் காட்டும். இந்தியா எஞ்சியிருந்த அளவுக் கட்டுப்பாடுகளை 2001 ஏப்ரல் 1 அன்று நீக்கியது. அதே ஆண்டு டிசம்பரில் சீனா உலக வணிக அமைப்பில் சேர்ந்தது. முழு மிதிவண்டிகள் மீதான இந்தியச் சுங்கவரி 2023ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தில் 30 விழுக்காட்டிலிருந்து 35 விழுக்காடாக உயர்த்தப்பட்டது.

இவ்வாறு வந்த புதிய வண்டியை ஒரு தெருக்கடைக்காரர் திறக்கும்போது எதைக் காண்கிறார்? சிலவற்றில் பழைய உறவினரையே காண்கிறார். மலிவு விலைச் சீனச் சட்டகங்கள் பலவற்றில் பெடல் அச்சுக் குழல் 68 மில்லிமீட்டர் அகலமும் பி.எஸ்.ஏ. மரையும் கொண்டது. பின்சக்கரத்தில் திருகி ஏற்றும் ஆறு, ஏழு பல்சக்கர ஃப்ரீவீலின் மரையும் அதே 1.37 அங்குலம், 24 திரி. பர்மிங்காமின் அளவு நாட்டிங்காம், ஜப்பான், தைவான் எனச் சுற்றிச் சீன அலுமினியத்தின் உள்ளே அமர்ந்து குர்லாவுக்கு வருகிறது. எனவே சீன வண்டி அடியோடு அந்நியமானது என்ற கூற்று தொழில்நுட்ப நோக்கில் சரியன்று.

வேறு சில உறுப்புகளில் உறவு அறுபடுகிறது. பழைய வண்டியின் பெடல் அச்சில் பால்ரஸ் தேய்ந்தால் ஒரு கைப்பிடிக் குண்டும் கொஞ்சம் கிரீஸும் போதும். புதியதில் அது மூடிய உருளை. 20 பள்ளங்களுக்குப் பொருந்தும் தனிக் கருவியால் கழற்றி, முழுவதையும் எறிந்துவிட்டு வேறொன்று பூட்ட வேண்டும். கார்பன் சட்டகங்கள் சிலவற்றில் மரையே இல்லை; உருளையை அழுத்திப் பொருத்த வேண்டும், அளவு சற்றே பிசகினாலும் ஒவ்வொரு மிதிக்கும் கிறீச்சிடும். ‘28’ என்று எழுதிய டயரிலும் குழப்பம் உண்டு. இந்தியக் கறுப்பு வண்டியின் 28 அங்குலச் சக்கரத்தில் டயர் அமரும் விட்டம் 635 மில்லிமீட்டர். 700சி எனப்படும் புதிய சக்கரத்துக்கும் சில டயர்களில் 28 என்றே எழுதியிருக்கும், ஆனால் விட்டம் 622. எஃகுச் சட்டகம் முறிந்தால் தெருமுனைப் பற்றவைப்பாளர் ஒட்டிவிடுவார். 6061 வகை அலுமினியம் அவ்வாறன்று. பற்றவைத்த இடத்தைச் சுற்றி அதன் வலு குறையும், ஆலையில் மீண்டும் வெப்பப் பதம் கொடுத்தால்தான் திரும்பும்.

எல்லாவற்றினும் சிறியது, கியர் மாற்றியைச் சட்டகத்தோடு இணைக்கும் அலுமினியத் துண்டு. வண்டி சாய்ந்து விழும்போது சட்டகத்தைக் காக்கத் தான் வளைந்தோ முறிந்தோ போவதே அதன் பணி. நோக்கம் நல்லது. ஆனால் அதன் வடிவம் சட்டகத்துக்குச் சட்டகம் மாறுகிறது. நூற்றுக்கணக்கான வடிவங்கள் புழக்கத்தில் உள்ளன. உள்ளங்கையில் அடங்கும் அத்துண்டு கிடைக்கும்வரை முழு வண்டியும் சுவரில் சாய்ந்து நிற்கும். கடைக்காரரின் திறமையில் குறையொன்றுமில்லை. பொது அளவு இல்லாத இடத்தில் திறமைக்கு வேலை இல்லை. இத்தகைய உறுப்புகளுக்குத் தெருவில் பெயரும் அமையவில்லை. அவை எண்ணாலும் எழுத்தாலும் ஆன குறியீடுகளாக வருகின்றன. கடைக்காரர் அவற்றைச் சொல்வதில்லை, கைப்பேசியில் படமெடுத்துக் காட்டுகிறார். பழுது பார்த்தல் என்பது உறுப்பு வரவழைத்தலாகக் குறைவதன் மொழி அடையாளம் இது.

டேவிட் ஆர்னால்ட் 2013இல் வெளியிட்ட ‘எவ்ரிடே டெக்னாலஜி’ நூல், மிதிவண்டி, தையல் பொறி போன்ற சிறு கருவிகள் இந்திய வாழ்வில் வேரூன்றிய வரலாற்றை ஆராய்கிறது. அந்த நோக்கைச் சீன வண்டிக்கும் நீட்டலாம். பர்மிங்காம் வண்டியும் ஒருகாலத்தில் இங்கே விலையுயர்ந்த அயல்பொருளே. அதைத் தமிழனின், மராட்டியனின், பஞ்சாபியின் வண்டியாக்கியது தேசப்பற்று மட்டுமன்று. யாரும் செய்யக்கூடிய, யாரும் திறக்கக்கூடிய அளவு.

இதிலிருந்து நடைமுறைக்குரிய ஒரு முடிவும் கிடைக்கிறது. குறைந்த செலவில் சீனச் சட்டகத்தில் வண்டி கட்டுவோர் எடையையும் கியர் எண்ணிக்கையையும் பார்ப்பதற்கு முன், பி.எஸ்.ஏ. மரை கொண்ட குழல், சதுர முனை அச்சு, கடையில் கிடைக்கும் டயர் அளவு ஆகியவற்றைத் தேர்ந்துகொண்டு, அந்த அலுமினியத் துண்டில் மிகையாக ஒன்றைச் சட்டகத்தோடேயே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. அவ்வாறு கட்டிய வண்டியைக் குர்லாவிலும் திறக்கலாம், கோவில்பட்டியிலும் திறக்கலாம்.

ஆய்வாளருக்கும் இங்கே வேலை உண்டு. குர்லா, தாராவி, செம்பூர்ப் பட்டறைகளில் வழங்கும் தமிழ்–இந்தி–மராத்திக் கலவைச் சொற்களை, உறுப்பு உறுப்பாக, வேலை வேலையாகத் தொகுக்கலாம். எந்த உறுப்புக்குப் பெயர் உண்டு, எதற்கு இல்லை என்ற ஒரு பட்டியலே, எதை இன்னும் கையால் பழுது பார்க்கிறோம், எதைக் கைவிட்டோம் என்பதற்கான வரலாற்று ஆவணமாகும். ‘குத்தா’ என்ற சொல்லின் பொருளைச் சக்கரத்தைத் திறந்து காட்டி விளக்கக்கூடியவர்கள் இன்றும் அச்சந்துகளில் அமர்ந்திருக்கிறார்கள். அத்தொகுப்பை அவர்களிடமிருந்தே தொடங்க வேண்டும்.