உள்முகவரியும் ஊர்முகவரியும்

புனிதவதியார் என்று பெரியபுராணம் கூறும் பெண்மணியை உலகம் காரைக்கால் அம்மையார் என்றே அறியும். தம் பதிகங்களில் அவரும் ஊர்ப்பெயரையே முத்திரையாகப் பதித்தார். வீட்டுக்குள் ஒரு பெயர், வெளியே ஊரின் பெயர். முப்பது ஆண்டுகளாக இணையமும் இவ்வழக்கைக் கைக்கொண்டுதான் நடந்து வருகிறது.

1981-இல் வகுக்கப்பட்ட இணைய நெறிமுறை, இணையத்தில் சேரும் கணினிக்கு 32 பிட் நீளமுள்ள எண்ணை முகவரியாக விதித்தது. அவ்வகையில் கிடைப்பவை ஏறத்தாழ 430 கோடி முகவரிகளே. அன்று அது வற்றாத கடலாகத் தோன்றிற்று. அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனம் ஒன்றுக்கே 1 கோடியே 67 லட்சம் முகவரிகள் வாரி வழங்கப்பட்டன. இந்தியப் பொதுமக்களுக்கு வி.எஸ்.என்.எல். இணையத்தைத் திறந்துவிட்டதோ 1995 ஆகஸ்ட் 15 அன்று. நாம் பந்திக்கு வருமுன்பே பற்றாக்குறை குறித்த அச்சம் எழுந்துவிட்டது.

1994 மே மாதத்தில் எகெவாங், பால் பிரான்சிஸ் இருவரும் ஒரு தற்காலிகத் தீர்வை முன்வைத்தனர். அதுவே 'நாட்' எனப்படும் முகவரி மாற்றம். 192.168 எனத் தொடங்குவன போன்ற சில எண்வரிசைகளை யாரும் தம் வீட்டுக்குள் பயன்படுத்தலாம் என்று 1996-இல் வரையறுக்கப்பட்டது.

காரைக்கால் வீடொன்றில் மூன்று கருவிகள் இருப்பதாகக் கொள்வோம். மூன்றுக்கும் தனித்தனி உள்முகவரிகள் உண்டு. ஒரு கருவி அனுப்பும் தகவல் பொட்டலம் வாசலைக் கடக்கையில், ரூட்டர் அதிலுள்ள உள்முகவரியை அழித்துத் தன் ஒற்றைப் பொதுமுகவரியை எழுதுகிறது. எந்தக் கருவியுடையது என்பதை ஒரு போர்ட் எண்ணால் அடையாளமிட்டு, தன் அட்டவணையில் குறித்துக்கொள்கிறது. மறுமொழி வரும்போது அக்குறிப்பைப் பார்த்து உரியவரிடம் சேர்க்கிறது.

இதில் நாம் இழந்தது ஒன்றுண்டு. வெளியிலிருந்து தானாக வரும் அழைப்புக்கு அட்டவணையில் குறிப்பில்லை. ஆகவே அது வாசலிலேயே கைவிடப்படுகிறது. நாம் கேட்கலாம், நம்மை எவரும் நேரே அழைக்க இயலாது. ரூட்டரில் அதற்கென வழி திறந்து வைக்கலாம்தான். ஆனால் 2011 பிப்ரவரியில் மையத் தொகுப்பு தீர்ந்த பின், பல வீடுகளை ஒரே முகவரிக்குள் அடக்கும் முறையைச் சேவை நிறுவனங்களே பெருமளவில் கைக்கொண்டன. அங்கே அந்த வழியும் அடைபட்டது. நம் எழுத்தை நம் வீட்டுக் கணினியிலேயே வைத்து உலகுக்கு வழங்குவது அரிதாகி, பிறர் இடத்தில் குடியிருக்கப் பழகினோம்.

128 பிட் முகவரி கொண்ட ஆறாம் பதிப்பு, கருவிதோறும் தனிமுகவரி தர வல்லது. இந்தியக் கைப்பேசிகள் அதில் வெகுதூரம் முன்னேறிவிட்டன. எனினும் பழைய முறை ஒழிந்தபாடில்லை. அம்மையார் ஊர்ப்பெயரைத் தாமே விரும்பி ஏற்றார். நமக்கோ அது பற்றாக்குறை தந்த பெயர்.