வீதியோர நிர்க்கதியும் அனுமதிப்பத்திரமும்

விபத்தில் சிக்கிய வாகனத்தை வீதியிலிருந்து அகற்றுவது ஓர் அவசர சேவையாகும். எனினும், அச்சேவையை நாடுபவர் பேரம் பேசக்கூடிய நிலையில் இருப்பதில்லை. அந்த நிர்க்கதி நிலையே மோசடிக்காரருக்கு வாய்ப்பாகி விடுகின்றது. எமது நாட்டிலிருந்து சென்ற பெருந்தொகையான தமிழர்கள் வாழும் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தின் அனுபவம் இதற்குத் தக்க சான்றாகும்.

அங்கு நீண்டகாலமாக, இழுவை வாகனத் தொழிலுக்கு ஒரு சில மாநகரசபைகளே அனுமதிப்பத்திரம் வழங்கி வந்தன. நகர எல்லையைத் தாண்டினால் விதியும் மாறியது; பல இடங்களில் விதியே இருக்கவில்லை. விபத்து நடந்த இடத்தை முதலில் அடைபவருக்கே வாகனம் என்ற போட்டி, ஈற்றில் தீவைப்பிலும் கொலையிலும் போய் முடிந்தது. 2020 மே மாதம் யோர்க் பிராந்தியப் பொலிஸார் ஏனைய பொலிஸ் பிரிவுகளுடன் இணைந்து மேற்கொண்ட நடவடிக்கையில் பலர் கைதாகினர். காப்புறுதி நிறுவனங்களை ஏமாற்றிப் பணம் பெற்றமையும் குற்றச்சாட்டுகளில் அடங்கியிருந்தது.

இந்தப் பின்னணியிலேயே 2021 இல் புதிய மாகாணச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. 2024 ஜனவரி 1 முதல் இழுவை நிறுவனங்களும் வாகனங்களைத் தரித்து வைக்கும் நிலையங்களும், அதே ஆண்டு ஜூலை 1 முதல் சாரதிகளும் மாகாண அரசின் சான்றிதழைப் பெறுவது கட்டாயமாகியது.

வாகனத்தை இழுப்பதற்கு முன்னர் உரிமையாளரின் அல்லது சாரதியின் சம்மதத்தைப் பெற வேண்டும். உச்சக் கட்டணங்களை அமைச்சுக்கு அறிவிப்பதுடன், அவற்றை விஞ்சி அறவிடலாகாது. செலவுகளைத் தனித்தனியே காட்டும் பற்றுச்சீட்டு வழங்க வேண்டும். வாகனத்தில் உள்ள சொந்த உடைமைகளை எடுக்க இடமளிக்க வேண்டும். பொலிஸாரின் பணிப்பு, சில நெடுஞ்சாலைகளில் உள்ள விசேட ஏற்பாடு ஆகியவை தவிர்ந்த வேளைகளில், வாகனத்தை யார் இழுப்பது, எந்தக் கராஜுக்குக் கொண்டு செல்வது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை சாரதிக்கே உண்டு.

புதிய விதிகள் சிறு தொழில் முயற்சியாளருக்குச் சுமையாகும் என்ற வாதத்தை நாம் புறந்தள்ளவில்லை. ஆயினும், விதியற்ற போட்டியில் முதலில் நசுக்கப்படுபவர் நேர்மையான தொழிலாளியே. மோசடியின் செலவும் இறுதியில் காப்புறுதிக் கட்டணமாக மக்கள் தலையிலேயே விழுகின்றது.

அனுமதிப்பத்திரம் வெறும் காகிதமாக இருந்துவிடலாகாது. அதிகாரிகளின் கண்காணிப்பும், தமது உரிமை எதுவென அறிந்த மக்களும் இருந்தால் மட்டுமே சட்டம் வீதிவரை வந்து சேரும். கனடாவிலுள்ள எம்மவர், வீதியில் நிர்க்கதியாகும் முன்னரே இவ்விதிகளை அறிந்து வைத்திருப்பது அவசியம் என்பதே நமது கருத்தாகும்.