புத்தளம் திறந்த கதவு: 1990இல் வந்தவர்களும் வரவேற்றவர்களும்

வந்தாரை வரவேற்பது தமிழரின் பண்பு. ஹிஜ்ரத் செய்து வந்தோரை அரவணைப்பது மதீனத்து அன்சாரிகள் நமக்குக் காட்டிச் சென்ற வழி. இவ்விரண்டையும் மேடைகளில் நாம் பெருமையோடு கூறுகிறோம். ஆயினும், வந்தவருக்குச் சில நாள் விருந்தளிப்பது வேறு. அவர் பல்லாண்டு தங்க நேர்கையில் அவருக்கு நம்மிடையே இடமளிப்பது வேறு. பின்னது எவ்வளவு கடினமானது என்பதை உணர்த்தும் வரலாறு ஒன்று, கடலுக்கு அப்பால், நம் மொழி பேசும் மக்களிடையே, நம் காலத்திலேயே நிகழ்ந்துள்ளது. இலங்கையின் புத்தளம் மாவட்டம் 1990இல் வடபுல முஸ்லிம்களை ஏற்றுக்கொண்ட வரலாறே அது. அதனைச் சுருக்கமாக ஜமாஅத்தாரின் பார்வைக்கு வைக்கிறோம்.

வெளியேற்றம்

இலங்கையின் வட மாகாணத்தில் முஸ்லிம்கள் பல நூற்றாண்டுகளாக வாழ்ந்து வந்தனர். மாகாண மக்கள்தொகையில் அவர்கள் ஏறத்தாழ 5 விழுக்காட்டினரே. யாழ்ப்பாணம் சோனகத் தெருப் பகுதியில் வாழ்ந்தோரில் வணிகர்களும் தையற்காரர்களும் மிகுதி. மன்னார் மாவட்டத்தின் எருக்கலம்பிட்டி, விடத்தல்தீவு, முசலி முதலிய ஊர்களில் மீன்பிடியும் வேளாண்மையும் வணிகமும் செழித்திருந்தன. அனைவருக்கும் தாய்மொழி தமிழே.

1990 அக்டோபரில் தமிழீழ விடுதலைப் புலிகள் இம்மக்களை மாகாணத்தை விட்டே வெளியேறுமாறு ஆணையிட்டனர். அக்டோபர் 15இல் சாவகச்சேரியிலும், அடுத்த நாட்களில் மன்னாரிலும் பிற பகுதிகளிலும் வெளியேற்றம் நடைபெற்றது. அக்டோபர் 30இல் யாழ்ப்பாண நகர முஸ்லிம்களுக்கு அளிக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம் மட்டுமே. பணமும் நகைகளும் பறிக்கப்பட்டன. மாற்றுத் துணிகளும் சிறு தொகையுமே கையில் எஞ்சின. சில வாரங்களுக்குள் 70,000க்கும் மேற்பட்டோர் வீடும் நிலமும் தொழிலும் இழந்தனர்.

இதனைத் தமிழ் மக்கள் அனைவரும் செய்த கொடுமையாகக் கருதுவது நீதியன்று. மன்னாரில் தமிழ் அண்டை வீட்டார் கண்ணீரோடு வழியனுப்பினர்; கத்தோலிக்க மதகுருமார் ஆணையை மாற்றுமாறு வேண்டினர். பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின், 2002இல், புலிகள் தரப்பே இவ்வெளியேற்றத்தை அரசியல் தவறு என்று ஒப்புக்கொண்டது.

முதல் நாட்கள்

மன்னார் மக்களுள் பெரும்பாலோர் அக்டோபர் மழைக்கிடையே படகேறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கினர். யாழ்ப்பாண மக்கள் வவுனியா வழியாகத் தெற்கே வந்து அநுராதபுரம், குருநாகல், கொழும்பு எனப் பல இடங்களுக்கும் பிரிந்தனர். ஆயினும் மிகப் பெரும்பகுதியினர் தஞ்சமடைந்தது கொழும்புக்கு வடக்கே சுமார் 130 கிலோமீட்டர் தொலைவிலுள்ள புத்தளம் மாவட்டத்திலேயே.

அரசும் தொண்டு நிறுவனங்களும் வந்து சேருமுன் கதவைத் திறந்தவர்கள் உள்ளூர் மக்கள். பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் தங்குமிடங்களாயின. வீடுகளில் சமைத்த உணவு பொட்டலங்களாக வந்தது. தென்னந்தோப்பு உடைமையாளர்கள் தம் நிலத்தில் கிடுகுக் குடிசைகள் அமைத்துக்கொள்ள இசைந்தனர். அத்தோப்புகளே பின்னர் முகாம்களாயின.

இவ்வுதவியின் அளவை உணர ஒரு கணக்கை நோக்குவோம். 1981ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி புத்தளம் மாவட்டத்தில் வாழ்ந்த முஸ்லிம்கள் சுமார் 50,000 பேர். 1990இல் வந்து சேர்ந்தோரும் ஏறத்தாழ அதே அளவினர். அவர்களும் மாவட்டம் முழுவதும் பரவவில்லை; புத்தளம், கற்பிட்டி, முந்தல், வண்ணாத்திவில்லு ஆகிய நான்கு பிரிவுகளிலேயே குடியேறினர். பத்து வீடுள்ள தெருவுக்கு ஒரே வாரத்தில் இன்னும் பத்துக் குடும்பங்கள் வந்தால் எவ்வாறிருக்கும் என்பதை வாசகர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

விருந்து நீண்டபோது

சில வாரங்களில் திரும்பிவிடலாம் என்றே இரு தரப்பாரும் நம்பினர். வாரங்கள் மாதங்களாயின, மாதங்கள் ஆண்டுகளாயின. அப்போதுதான் உண்மையான சோதனை தொடங்கியது.

கிணறுகள் போதவில்லை. பாடசாலை வகுப்புகள் நிரம்பி வழிந்தன. மாலை வேளையில் தனிப் பாடசாலைகள் நடத்த வேண்டியதாயிற்று. கற்பிட்டியின் வெங்காயத் தோட்டங்களிலும் புத்தளத்து உப்பளங்களிலும் குறைந்த கூலிக்கு உழைக்க அகதிகள் ஆயத்தமாயிருந்தனர். தோட்ட உடைமையாளருக்கு அது இலாபம். உள்ளூர்க் கூலித் தொழிலாளிக்கோ அது வயிற்றில் அடி. முகாமுக்கு உலர் உணவு வந்தது. வேலிக்கு அப்பால் அதே வறுமையில் வாழ்ந்த உள்ளூர் ஏழைக்கு ஒன்றும் வரவில்லை. இடம்பெயர்ந்தோர் பலரின் வாக்குரிமைப் பதிவு வடக்கிலேயே தொடர்ந்தது. அவர்கள் பயன்படுத்திய மருத்துவமனையும் சாலையும் புத்தளத்தில் இருந்தன. இதனால் "எங்கள் பங்கை இவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள்" என்ற முணுமுணுப்பு எழுந்தது.

இம்முணுமுணுப்பை ஈமானின் குறைவு என்று எளிதில் தள்ளிவிடலாகாது. முதல் வாரத்தில் சோறு சமைத்துக் கொடுத்தவர்களே பத்தாம் ஆண்டில் முணுமுணுத்தனர். அவர்கள் மனம் கல்லாகிவிடவில்லை. ஒரு நாடே சுமக்க வேண்டிய சுமை ஒரு சில ஊர்களின் தோளில் இறக்கப்பட்டது. இறக்கியவர்கள் அதனை மறந்துவிட்டனர். "அகதி", "ஊரார்" என்ற இரு சொற்களும் ஒரே ஸஃப்பில் நின்று தொழுதவர்களைப் பிரித்துக் காட்டலாயின. முகாமில் பிறந்து, வடக்கை ஒருநாளும் கண்டிராத குழந்தையும் அகதி என்றே அழைக்கப்பட்டது.

சந்தைக்கு வழி

மதீனாவில் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களுக்குத் தம் செல்வத்தில் பாதியைத் தர ஸஅத் இப்னு ரபீஃ (ரலி) அவர்கள் முன்வந்ததையும், அவரோ அதற்காகத் துஆச் செய்துவிட்டுச் சந்தைக்கு வழி கேட்டதையும் நாம் அறிவோம். கொடுப்பவரின் பெருந்தன்மையை நாம் அடிக்கடி பேசுகிறோம். சந்தைக்கு வழி கேட்டவரின் தன்மானத்தை அவ்வளவாகப் பேசுவதில்லை.

புத்தளத்திலும் இதுவே நிகழ்ந்தது. யாழ்ப்பாண வணிகர்கள் சிறு கடைகள் வைத்தனர். தையற்காரர்கள் மீண்டும் இயந்திரத்தின் முன் அமர்ந்தனர். மன்னார் உழவர்கள் கூலியாகத் தொடங்கிக் குத்தகைக்குப் பயிரிட்டனர். இடம்பெயர்ந்து வந்த ஆசிரியர்களே அகதிப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினர். சிறிது சிறிதாகச் சேமித்துத் துண்டு நிலம் வாங்கினர். குடியிருப்புகளுக்கும் பள்ளிவாசல்களுக்கும் தாம் இழந்த ஊர்களின் பெயரைச் சூட்டினர். பேராதனைப் பல்கலைக்கழகப் புவியியல் பேராசிரியராக விளங்கிய மர்ஹூம் எஸ்.எச். ஹஸ்புல்லாஹ் அவர்கள், தாமும் வடபுல முஸ்லிமாக இருந்து, இம்மக்களின் இழப்புகளை ஊர் ஊராகத் தொகுத்துப் பதிவுசெய்தார். பிறர் மறந்த வரலாறு ஆவணமாக நிலைத்ததில் அவருக்குப் பெரும்பங்குண்டு.

2007இல் உலக வங்கியின் கடனுதவியுடன் புத்தளம் வீடமைப்புத் திட்டம் தொடங்கப்பட்டது. முகாம்களில் இருந்தோருடன், அவற்றை அடுத்த சிற்றூர்களில் வாழ்ந்த உள்ளூர் ஏழைகளும் அதில் சேர்க்கப்பட்டனர். வீட்டோடு குடிநீருக்கும் கழிப்பறைக்கும் வழி செய்யப்பட்டது. வந்தவருக்கு உதவுகையில் பக்கத்து வீட்டு ஏழையை மறத்தலாகாது என்னும் எளிய உண்மையை உணர்வதற்குப் பதினேழு ஆண்டுகள் ஆயின.

திரும்பும் உரிமை

ஆயினும் புத்தளத்தில் வீடு பெறுவதற்குப் பலர் தயங்கினர். இங்கு வேரூன்றினால் அங்குள்ள நிலத்தின் மீது உரிமை போய்விடுமோ என்பதே அவர்களின் அச்சம். குடியேறுதலும் திரும்பும் உரிமையும் ஒன்றையொன்று அழிப்பவை அல்ல என்பதை அவர்களுக்கு மீண்டும் மீண்டும் எடுத்துரைக்க வேண்டியிருந்தது.

2009இல் போர் முடிந்தது, வழி திறந்தது. ஆனால் சென்றவர்கள் கண்டது தாம் விட்டு வந்த ஊரை அன்று. வீடுகள் இடிந்திருந்தன, வயல்களில் காடு மண்டியிருந்தது, உறுதிப் பத்திரங்கள் தொலைந்திருந்தன, ஒரு குடும்பம் நான்காகப் பெருகியிருந்தது. முசலிப் பகுதியில் மக்கள் தமது என்று உரிமை கோரிய நிலங்களும் 2012இல் ஒதுக்கப்பட்ட வனத்துக்குள் அடங்கின. திரும்பி வந்தோரே காட்டை அழிப்போர் என்ற பழிக்கு ஆளாயினர். சிலர் வடக்கிலேயே தங்கினர். சிலர் புத்தளத்துக்கு மீண்டனர். பலர் இரண்டு ஊர்களுக்கும் இடையே அலைந்தனர்.

நமக்கான பாடம்

35 ஆண்டுகளுக்குப் பின் நோக்குகையில், புத்தளத்து மக்கள் செய்தது மாபெரும் தர்மம் என்பதில் ஐயமில்லை. எனினும் நாம் அவர்களைப் புகழ்ந்துவிட்டு அமைதல் போதாது. அவர்களின் அனுபவம் நமக்குச் சில கடமைகளைக் கற்பிக்கிறது. உதவியின் முதல் நாளிலேயே பத்தாம் ஆண்டையும் எண்ணித் திட்டமிட வேண்டும். உணவோடு தொழிலுக்கும் கல்விக்கும் வழிகாட்ட வேண்டும். வந்தவரையும் உள்ளூர் ஏழையையும் ஒரே தட்டில் வைத்து நோக்க வேண்டும். சுமக்கும் ஊரைத் தனியே விடாமல் மற்ற ஊர்களும் தோள் கொடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வந்தவரை எந்நாளும் வந்தவர் என்றே அழைக்கும் வழக்கத்தைக் கைவிட வேண்டும்.

நம் மஹல்லாவிலும் பிழைப்புத் தேடியும் துயரம் தாங்காமலும் வந்து குடியேறியோர் உள்ளனர். ஜும்ஆவில் அவர்கள் நம் தோளோடு தோள் நிற்கின்றனர். நிர்வாகக் கூட்டத்திலும், சந்தாப் பதிவேட்டிலும், திருமணச் சபையிலும் அவர்களுக்கு இடம் உண்டா என்பதை ஒவ்வொருவரும் நம்மை நாமே கேட்டுக்கொள்வோமாக. வந்தோருக்கும் வரவேற்றோருக்கும் வல்ல இறைவன் நல்லருள் புரிவானாக! ஆமீன்.