ஹிரோஷிமாவும் கலீபாவின் கட்டளையும்

ஹிஜ்ரி 1364, ஷஃபான் மாதத்தின் கடைசி வாரம். ஆங்கிலக் கணக்கில் 1945 ஆகஸ்ட் 6. காலை 8.15 மணிக்கு ஜப்பானின் ஹிரோஷிமா நகர்மீது அமெரிக்க விமானம் அணுகுண்டை வீசியது. அவ்வாண்டு முடிவதற்குள் அங்கு மாண்டோர் ஏறத்தாழ 1,40,000 பேர். மூன்றாம் நாள் நாகசாகிக்கும் அதே கதி நேர்ந்தது. அங்கு ஏறத்தாழ 70,000 பேர்.

மாண்டவர்களுள் நம் மார்க்கச் சகோதரர்களும் உளர். போர்க்காலத்தில் மலாயாவிலிருந்து கொண்டு செல்லப்பட்டு ஹிரோஷிமாவில் பயின்ற நிக் யூசுப், சையித் உமர் என்னும் மாணவர் இருவர் இக்குண்டினால் உயிர் துறந்தனர். செப்டம்பரில் கியோட்டோ மருத்துவமனையில் கண்மூடிய சையித் உமரின் கபுறு இன்றும் அந்நகரின் பௌத்த ஆலயமொன்றில் இருக்கிறது.

போரில் சாவு இயல்புதானே எனலாம். ஆனால் எந்தச் சாவு? ஷாம் தேசத்துக்குப் படை அனுப்பியபோது ஹஜ்ரத் அபூபக்ர் ஸித்தீக் (ரலி) அவர்கள், தளபதியும் முஆவியா (ரலி) அவர்களின் சகோதரருமான யஸீத் (ரலி) வாகனத்தின் மீதிருக்க, தாம் நடந்தே சென்று வழியனுப்பினார்கள். பெண்டிரையும் பிள்ளைகளையும் முதியோரையும் கொல்லலாகாது. கனிதரும் மரத்தை வெட்டலாகாது. மக்கள் குடியிருக்கும் இடத்தைப் பாழாக்கலாகாது என்று அவர்கள் கட்டளையிட்டதை இமாம் மாலிக் (ரஹ்) தமது முவத்தாவில் பதிவு செய்துள்ளார்கள்.

அணுகுண்டு போரை விரைந்து முடித்தது, அதனால் பல உயிர்கள் தப்பின என்று வாதிப்போர் உண்டு. அன்றைய ஃபுகஹாக்களும் மின்ஜனீக் என்னும் கல்லெறி பொறியைக் கோட்டைமீது ஏவ அனுமதித்தனரே என்றும் கேட்கலாம். அனுமதித்தனர், ஆனால் உள்ளிருக்கும் பெண்டு பிள்ளைகளைக் குறிவைத்தல் ஆகாது என்றனர். ஹிரோஷிமாவில் படைத் தலைமையகம் இருந்தது மெய்யே. எனினும் குறி வைக்கப்பட்டது நகரின் நடுவிலிருந்த அயோயி பாலம்! தாயின் கருவிலிருந்த சிசுக்களும் அக்கதிர்வீச்சினால் சிறுத்த தலையோடு பிறந்தன. அச்சிசு எந்தப் படையில் சேர்ந்திருந்தது?

அழிந்த நகரம் மீண்டும் எழுந்தது. மூன்றாம் நாளே ஒரு பகுதியில் டிராம் ஓடிற்று. கருகிய மரங்கள் மறு வசந்தத்தில் துளிர்த்தன. 1949இல் நாடாளுமன்றம் இயற்றி நகர மக்கள் வாக்களித்து ஏற்ற சட்டத்தினால், இராணுவ நிலங்கள் நகருக்குக் கிடைத்தன. இன்று பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் அங்கு வாழ்கின்றனர். ஆயினும் பிழைத்தோரின் மருத்துவத்துக்குச் சட்டம் வர 1957 ஆயிற்று. திருமணமும் வேலையும் தடைப்படுமென அஞ்சித் தம் நிலையை மறைத்து வாழ்ந்தோர் பலர். அவர்கள் 1956இல் அமைத்த நிஹோன் ஹிதாங்கியோ சங்கம், இக்கொடுமை இனி எவருக்கும் நேரலாகாதென உழைத்து, 2024இல் நோபல் சமாதானப் பரிசு பெற்றது. எழுந்து நின்றது அம்மக்களின் பொறுமை. அதனை வீசியவரின் நியாயமாகக் காட்டுவது தகாது.

இந்த அளவுகோல் பிறருக்கு மட்டுமன்று. 1998இல் இந்தியாவும் பாகிஸ்தானும் அணுகுண்டுச் சோதனை நடத்தின. அக்குண்டுக்கு இஸ்லாத்தின் பெயரைச் சூட்டி மகிழ்ந்தோரும் உண்டு. கனிமரத்தை வெட்டவும் தடுத்த மார்க்கத்தின் பெயரை, நகரையே எரிக்கும் கருவிக்குச் சூட்டலாமா? நம் கையிலிருப்பினும் அது அதே நெருப்புத்தான். அந்நெருப்பிலிருந்து மனித குலத்தை அல்லாஹ் காத்தருள்வானாக.