கிராமப்புறங்களில் ஆன்லைன் விளையாட்டுக்கு செயற்கைக்கோள் இணையம் ஏற்றதா? தீர்மானிப்பது வேகம் அல்ல, தாமதம்!

கண்ணாடி இழை கேபிள் எட்டாத, செல்போன் கோபுரத்தின் சிக்னலும் வீட்டுக்குள் நுழையாத கிராமங்கள் நாட்டில் இன்னும் இருக்கின்றன. அங்குள்ள இளைஞர்களிடம் செயற்கைக்கோள் இணையம் குறித்த எதிர்பார்ப்பு அதிகரித்துள்ளது. யூடெல்சாட் ஒன்வெப், ஜியோ - எஸ்.இ.எஸ். கூட்டு நிறுவனம் ஆகியவற்றைத் தொடர்ந்து, 2025 ஜூன் மாதத்தில் ஸ்டார்லிங்க் நிறுவனத்துக்கும் மத்திய தொலைத்தொடர்புத் துறை உரிமம் வழங்கியது. கூரையில் ஒரு டிஷ் பொருத்தினால், நகரத்து இளைஞருக்கு இணையாக ஆன்லைன் போட்டிகளில் பங்கேற்க முடியுமா என்பதே பலரது கேள்வி.

விடை, அந்த செயற்கைக்கோள் எந்த உயரத்தில் சுற்றுகிறது என்பதைப் பொறுத்தது.

அரை விநாடியின் விலை

ஆன்லைன் விளையாட்டுக்கு அதிக இணைய வேகம் தேவை என்ற கருத்து பரவலாக உள்ளது. உண்மையில், விளையாடும்போது செலவாகும் டேட்டா திரைப்படம் பார்ப்பதைவிட மிகக் குறைவு. விளையாட்டைப் பதிவிறக்கவும் அப்டேட் செய்யவும்தான் பல ஜி.பி. தேவைப்படும். வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பது தாமதம். அதாவது, வீரர் பொத்தானை அழுத்திய தகவல் சர்வரைச் சென்றடைந்து, பதில் திரும்பி வர ஆகும் நேரம். விளையாடுவோர் இதையே 'பிங்' என்கின்றனர். இது 50 மில்லி விநாடிக்குள் இருந்தால் துப்பாக்கிச் சண்டை விளையாட்டுகளும் தடையின்றி நடக்கும். 100-ஐத் தாண்டினால் பின்னடைவு கண்ணுக்கே தெரியத் தொடங்கும்.

இந்தியாவில் நீண்ட காலமாகப் பயன்பாட்டில் உள்ள செயற்கைக்கோள் இணைய இணைப்புகள் பெரும்பாலும் புவிநிலை சுற்றுப்பாதையைச் சார்ந்தவை. இஸ்ரோவின் ஜிசாட்-11, ஜிசாட்-29 செயற்கைக்கோள்கள் மூலம் 2022-ல் தொடங்கப்பட்ட பிராட்பேண்ட் சேவையும் இவ்வகையே. இந்த செயற்கைக்கோள்கள் பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கி.மீ. உயரத்தில் உள்ளன. தகவல் மேலே சென்று கீழே இறங்கி, பதிலும் அதே வழியில் திரும்ப வேண்டும் என்பதால் மொத்த தூரம் சுமார் 1.43 லட்சம் கி.மீ. ஒளியின் வேகத்தில் சென்றாலும் இதற்கு 477 மில்லி விநாடிகள் ஆகும். நடைமுறையில் 600 மில்லி விநாடிகளும் அதற்கு மேலும் ஆகின்றன. இதற்குள் திரையில் ஓடும் எதிரி சில மீட்டர் தூரம் நகர்ந்திருப்பார். கூடுதல் கட்டணம் செலுத்தி வேகமான திட்டத்துக்கு மாறினாலும் இந்தத் தாமதம் குறையாது. வங்கிக் கிளை, ஏ.டி.எம்., பள்ளி ஆகியவற்றுக்குக் கைகொடுக்கும் இந்த இணைப்பில் நிதானமான சதுரங்கம், லூடோ போன்றவற்றை விளையாடலாம். மற்றவற்றுக்கு இதை நம்பிப் பணம் செலவழிப்பது வீண்.

தூரம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு அந்தமான் தீவுகள் நல்ல உதாரணம். வெளியுலகத் தொடர்புக்கு பல ஆண்டுகளாக செயற்கைக்கோளையே நம்பியிருந்த அத்தீவுகளுக்கு, சென்னையிலிருந்து சுமார் 2,300 கி.மீ. நீளத்துக்குக் கடலடி கேபிள் பதிக்கப்பட்டு 2020 ஆகஸ்ட் 10-ம் தேதி தொடங்கி வைக்கப்பட்டது. அந்த நீளத்தைக் கண்ணாடி இழை வழியாக ஒளி சென்று திரும்ப 25 மில்லி விநாடிகள்கூட ஆகாது.

தாழ்வாகச் சுற்றும் செயற்கைக்கோள்கள்

ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் சுமார் 550 கி.மீ. உயரத்தில் சுற்றுகின்றன. விண்வெளிப் பயணத்துக்கான நேரம் 10 மில்லி விநாடிக்கும் குறைவாகச் சுருங்கிவிடுகிறது. தரை நிலையம், சர்வர் ஆகியவற்றுக்கான நேரத்தையும் சேர்த்து, நிலப்பகுதிகளில் பொதுவாக 25 முதல் 60 மில்லி விநாடிகள் தாமதம் இருக்கும் என அந்நிறுவனம் கூறுகிறது. பெரும்பாலான போட்டி விளையாட்டுகளுக்கு இது போதுமானது. ஒன்வெப் செயற்கைக்கோள்கள் 1,200 கி.மீ. உயரத்தில் சுற்றினாலும், அச்சேவை பெரும்பாலும் நிறுவனங்கள், அரசுத் துறைகளுக்கானது. எஸ்.இ.எஸ். நிறுவனத்தின் நடுத்தர சுற்றுப்பாதை செயற்கைக்கோள்கள் சுமார் 8,000 கி.மீ. உயரத்தில் உள்ளன. விண்வெளிப் பயணத்துக்கே 100 மில்லி விநாடிகளுக்கு மேல் ஆவதால், நொடிப்பொழுதில் முடிவெடுக்கும் விளையாட்டுகளுக்கு அது சற்றே கடினம்.

தாழ்வான சுற்றுப்பாதையிலும் சிக்கல்கள் உண்டு. மணிக்கு சுமார் 27,000 கி.மீ. வேகத்தில் செல்லும் செயற்கைக்கோள் சில நிமிடங்களில் பார்வையிலிருந்து மறைந்துவிடும். ஆகவே இணைப்பு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறிக்கொண்டே இருக்கும். அப்போது பிங் சட்டென உயர்ந்து இறங்கக்கூடும். படம் பார்ப்பவர் இதை உணரமாட்டார். கடைசிச் சுற்றில் நிற்கும் வீரர் உணர்வார். சராசரி பிங் நன்றாக இருந்தும் தோற்பவர்களின் புகாருக்கு பெரும்பாலும் இதுவே காரணம். கனமழையும் அடர்ந்த மேகங்களும் சிக்னலைப் பலவீனப்படுத்தும். வீட்டைச் சுற்றித் தென்னையோ மாமரமோ உயர்ந்து நின்றால் அவ்வப்போது இணைப்பு அறுபடும்.

மின்சாரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஸ்டார்லிங்க்கின் வழக்கமான டிஷ்ஷுக்கு 75 முதல் 100 வாட் மின்சாரம் தொடர்ந்து தேவை. மின்வெட்டு நேரத்தில் சிறிய இன்வெர்ட்டரில் மின்விசிறியும் டிஷ்ஷும் ஒன்றாக நெடுநேரம் ஓடுவது சிரமம்.

யாருக்குப் பயன்படும்?

ஆன்லைன் விளையாட்டு ஊக்குவிப்பு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம் 2025-ல் பணம் வைத்து விளையாடுவதைத் தடை செய்த அதே வேளையில், மின் விளையாட்டுகளுக்கு சட்ட அங்கீகாரம் அளித்தது. போட்டிகளில் முன்னேற விரும்பும் கிராமத்து இளைஞருக்கு நல்ல பிங் இனி பொழுதுபோக்குக்கான வசதி மட்டுமல்ல.

பாரத்நெட் திட்டத்தின் கண்ணாடி இழை இணைப்பு ஊராட்சி வரை வந்து, வீட்டுக்கும் கிடைக்கும் நிலை இருந்தால் அதையே தேர்வு செய்யலாம். நிலையான 4ஜி அல்லது 5ஜி சிக்னல் உள்ள இடத்திலும் டிஷ் வாங்கத் தேவையில்லை. இவை எதுவும் இல்லாத மலைக் கிராமம், பாலைவனக் குடியிருப்பு, தொலைதூரப் பண்ணை ஆகியவற்றுக்கு தாழ்வான சுற்றுப்பாதை இணையம் ஏற்றது. வாங்கும் முன், சுற்றுப்பாதை எது என்பதை விற்பனையாளரிடம் முதலில் கேட்க வேண்டும். அருகில் யாரேனும் அதே சேவையைப் பயன்படுத்தினால், பயன்பாடு உச்சத்தில் இருக்கும் இரவு 8 முதல் 10 மணிக்குள் அங்கு அரை மணி நேரம் விளையாடிப் பார்த்து, பிங் எத்தனை முறை எகிறுகிறது என்று கவனிக்கலாம். டிஷ் வைக்கும் இடத்தில் வானம் தடையின்றித் தெரிகிறதா என்பதை நிறுவனத்தின் செயலியைக் கொண்டே சோதிக்க முடியும். இணைப்பு பெற்ற பின், கணினியை வைஃபைக்குப் பதில் கேபிள் மூலம் ரவுட்டருடன் இணைப்பதும், விளையாட்டில் மும்பை போன்ற உள்நாட்டு சர்வர் இருந்தால் அதைத் தேர்வு செய்வதும் தாமதத்தை மேலும் குறைக்கும்.