சப்புப் பலகையும் செண்பகப் போத்தலும்

கண்டியில் 'சப்பு' என்றதும் நினைவுக்கு வருவது பூவல்ல, பலகை. தளபாடக் கடையில் அலுமாரி விலை கேட்டால் தேக்கு, மகோகனி என்று தொடங்கி, நம் முகத்தைப் பார்த்துவிட்டு 'கினிசப்பு'வுக்கு இறங்கி வருவார்கள். வீட்டுத் தோட்டங்களில் பலாவுக்கும் கமுகுக்கும் நடுவே விறுவிறுவென்று வளர்ந்து நிற்கும் மரம் அது. சிங்களத்தில் கினி என்றால் நெருப்பு. இதழின் செம்மஞ்சளுக்கு அந்த அடைமொழி பொருத்தம்தான். அந்த மரத்தின் தமிழ்ப் பெயர் செண்பகம் என்பதை அலுமாரி வாங்குகிற தமிழரில் எத்தனை பேர் நினைத்துப் பார்க்கிறார்கள்?

குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் 99 பூக்களில் இதுவும் ஒன்று. அங்கே இதன் பெயர் சண்பகம். வடமொழியிலும் பாளியிலும் சம்பக. வடசொல்லிலிருந்து தமிழ்ச் சொல் வந்தது என்று எழுதிவிட்டு அகராதி அடுத்த சொல்லுக்குப் போய்விடுகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. கம்பம், செம்பு, பாம்பு என்று மகரத்தோடு பகரத்தைச் சேர்ப்பது தமிழ் நாவுக்கு மிக எளிது. 'சம்பக' என்று கேட்டிருந்தால் சம்பகம் என்றே வைத்துக்கொண்டிருக்கலாமே, ணகரத்தை ஏன் வரவழைக்க வேண்டும்? ண்ப நெகிழ்ந்து ம்ப ஆவதுதான் இயல்பான வழி, மறுதலை அரிது. ஆகவே சொல் தெற்கிலிருந்து வடக்கே போயிருக்க வேண்டும் என்பதே என் கட்சி. செண்பகம் என்பது பின்னாளில் வாய்வழக்கு ஆக்கிய வடிவம். குற்றாலத்தின் செண்பகாதேவி அருவி அந்த வடிவத்தைத்தான் தாங்கி நிற்கிறது.

சிங்களத்துக்கு வந்த பாதை தெளிவானது. பாளிச் சொல்லின் முதலில் நிற்கும் வல்லினச் சகரம் சிங்களத்தில் ஸகரமாகத் தேயும், மெல்லினம் உதிரும், கடைசிக் ககரமும் போய்விடும். சம்பக இப்படித்தான் ஸபு ஆயிற்று. அதைக் காதால் கேட்டு நாம் சப்பு என்கிறோம். சண்பகம் என்ற நம் சொல்லையே அடையாளம் தெரியாமல் அயலாரிடமிருந்து திரும்பி வாங்கியிருக்கிறோம்.

நம் முன்னோர் அவ்வளவு ஏமாறவில்லை. கோட்டை அரசன் ஆறாம் பராக்கிரமபாகுவின் வளர்ப்பு மகன் ஸபுமல் குமாரயா, 1450 அளவில் யாழ்ப்பாணத்தைப் பிடித்தவன், பின்னர் ஆறாம் புவனேகபாகு என்று கோட்டையில் முடிசூடியவன். ஸபுமல் என்றால் செண்பகப்பூ. தமிழர் அவனைச் செண்பகப் பெருமாள் என்றார்கள். ஊரைப் பிடித்தவன் பெயரையும் பொருள் தெரிந்து, அழகாகவே தமிழாக்கியிருக்கிறார்கள். (வன்னியில் செண்பகம் என்றால் பறவை. தமிழ்நாட்டார் செம்போத்து என்பது அதைத்தான். சிவந்த இறகால் வந்த பெயர் பூவின் பெயரோடு குழம்பிப்போயிற்று. பூவுக்கும் அதற்கும் உறவில்லை.)

கிழக்கே மலாய் மொழியில் செண்பகப்பூவின் பெயர் செம்பாக்கா. லாவோஸில் 'டொக் சம்பா' என்று நாட்டு மலராகக் கொண்டாடப்படுவதோ வேறு பூ, நம் விகாரைகளில் உதிர்ந்து கிடக்கும் அரலியா. மேற்கே, 1753இல் தாவரவியலார் லின்னேயஸ் செண்பக மரத்துக்கு மிக்கேலியா சம்பாக்கா என்று பெயரிட்டார். இன்று தாவரவியலார் அதை மக்னோலியா பேரினத்தில் சேர்த்துவிட்டார்கள். 'சம்பாக்கா' மட்டும் நிலைத்து, வாசனைத் தொழிலுக்குள் நுழைந்தது. 1999இல் கலீஸ் பெக்கர் உருவாக்கிய டியோர் நிறுவனத்தின் 'ஜடோர்' என்னும் பெண்களுக்கான சென்டில் அது பேசப்பட்டது. 2009இல் டாம் ஃபோர்ட் 'சம்பாகா அப்சல்யூட்' என்று பெயரிலேயே அதை வைத்தார்.

அந்தப் பூ எப்படி மணக்கும்? மல்லிகையின் வெண்மணம் அல்ல இது. பழுத்த பழத்தின் இனிப்பு முன்னால் நிற்கும். தோடம்பூவின் சாயல் கொஞ்சம் வரும், அதற்கு மெத்தில் ஆந்த்ரனிலேட் காரணம். அடியில் லேசாக அழுகல் வாடை, அது இந்தோல். மல்லிகையிலும் உண்டு. அளவோடு இருந்தால் பூவுக்கு உயிர், மிஞ்சினால் தலையிடி. நடுவில் வருவதுதான் கண்டிக்காரருக்குச் சொந்தமானது: தேயிலை. செண்பகத்தில் உள்ள பீட்டா அயனோன் கறுப்புத் தேயிலையிலும் இருக்கிறது. லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் நட்ட தேயிலையும் வேலியோரத்துச் சப்புவும் ஒரே மூலக்கூறில் கைகோர்க்கின்றன. பிளேன்டீ குடித்து வளர்ந்த மூக்குக்குச் செண்பகம் அந்நியமாகப் படாததன் இரகசியம் இதுவே.

அயனோனுக்கு ஒரு குறும்பும் உண்டு. மூக்கு அதற்குச் சீக்கிரம் மரத்துப்போகும். பூசியவருக்கு மணம் போய்விட்டதாகத் தோன்றும், பஸ்ஸில் பக்கத்தில் நிற்பவருக்கோ முழுதாய் வரும். போய்விட்டதென்று மறுபடி அடித்துக்கொள்பவர்களால்தான் இந்த வகைச் சென்டுக்குக் கெட்ட பெயர். OR5A1 என்ற மரபணுவின் வேறுபாட்டால் பீட்டா அயனோனைச் சரியாக உணரவே முடியாதவர்களும் உண்டு. அவர்களுக்கு அது பூவாக அல்லாமல் புளிப்பாகப் படும். அக்காவுக்குப் பிடித்த போத்தலைத் தங்கை முகஞ்சுளித்துத் தள்ளினால் குறை இருவரிடமும் இல்லை.

வட இந்தியாவின் கன்னௌஜில் செப்புப் பானையில் பூவைக் காய்ச்சி, ஆவியைச் சந்தன எண்ணெய்க்குள் இறக்கிச் செண்பக அத்தர் எடுப்பார்கள். எண்ணெய் தோலோடு ஒட்டிக் கிடப்பதால் மணம் சத்தமில்லாமல் நாள் முழுக்க நிற்கும். சாராயத்தில் கரைத்த சென்ட் அப்படியல்ல. முதல் பத்து நிமிடம் ஆர்ப்பாட்டம், பூ பிறகுதான் வரும். கண்டியின் ஈரக் காற்றில், ஏற்றம் ஏறி வியர்த்த கழுத்தில் அந்த ஆர்ப்பாட்டம் இன்னும் கூடும். போத்தலில் 'சம்பாகா' என்று எழுதியிருப்பதெல்லாம் பூவிலிருந்து எடுத்ததும் அல்ல. பெரும்பாலும் ஆய்வுகூடத்தில் கூட்டிச் சேர்த்த சாயல்தான். அதில் தவறில்லை, ஆனால் அந்த விலைக்குப் பூவையே வாங்குகிறோம் என்று எண்ண வேண்டாம்.

வாங்கப் போகிறவர்கள் மூடியை முகர்ந்து முடிவெடுக்காதீர்கள். மணிக்கட்டில் ஒரு துளி வைத்துக்கொண்டு கண்டி வாவியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, பிறகு முகருங்கள். விளம்பரம் எழுதுகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: சம்பாகா, சம்பக்கா என்றெல்லாம் எழுத்துக்கூட்ட வேண்டாம், செண்பகம் என்றே போடுங்கள்.